"மிச்சிகன் கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு

செப்டம்பர் பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்திகள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, பையனுக்கு ஜிபிஏ 3.9, எஸ்ஏடி 1510. மிச்சிகன் கிடைக்குமா? யூஎன்சி போட்டுப் பார்க்கலாமா?" (மிச்சிகன், யூஎன்சி எனப்படும் நார்த் கரோலினா இரண்டும் அமெரிக்க மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். ஜிபிஏ பள்ளி மார்க்கின் சராசரி, எஸ்ஏடி கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வு.) என் பெண் வேறொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து இந்த வேலை என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கவுன்சிலர் இல்லை. சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு மற்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களை ஒரு வருடம் துருவிப் பார்த்ததில், வழக்கமாக யாரும் எடுத்துச் சொல்லாத சில விஷயங்கள் பிடிபட்டன.

கேட்பவர்களிடம் நான் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்பேன். எந்த மாநிலத்திலிருந்து, எந்த மேஜருக்கு, அதாவது எந்தத் துறைக்கு, எந்த ஹைஸ்கூலிலிருந்து? இது தெரியாமல் 1510 நல்ல ஸ்கோரா என்று என்னால் சொல்ல முடியாது.

நம்மில் பலர் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் வளர்ந்தவர்கள். 200-க்கு இத்தனை கட்-ஆஃப் என்றால் இந்தக் கல்லூரி, இந்த பிராஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் கூகுளில் "அக்செப்டன்ஸ் ரேட்" என்று தேடி, 18 சதவீதம், 45 சதவீதம் என்று வருவதை எக்செல் ஷீட்டில் ஏற்றுகிறோம். அந்த எண் பொய் இல்லை, ஆனால் அது ஒரு கலவை. சாப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்துப் பிள்ளைகளில் விண்ணப்பிப்பவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் இடம் கிடைக்கிறது. வெளிமாநிலத்தாருக்கு 10-ஐத் தொடுவதே அபூர்வம். இரண்டையும் கலந்து வரும் எண் யாருக்கும் பொருந்தாது. விண்ணப்பிக்கிற பிள்ளை ஒன்று உள்ளூர், இல்லையென்றால் வெளியூர்.

திருச்சி என்ஐடி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாதி இடம் தமிழ்நாட்டுக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலங்களுக்கு. ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியார், ஆனால் கடைசி ரேங்க் இரண்டு. அங்கே அந்த இரண்டு ரேங்க்கையும் வெளியிட்டுவிடுவார்கள். இங்கே நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் அந்த மாநிலத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். நார்த் கரோலினாவில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தார் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1986-இல் விதி கொண்டுவந்தார்கள். சும்மா ஏட்டில் இருக்கிற விதி இல்லை. தொடர்ந்து இரண்டு வருடம் அளவு மீறியதற்காகச் சாப்பல் ஹில் ஒரு முறை 10 லட்சம் டாலர் அபராதமே கட்டியிருக்கிறது. அப்படியிருக்க, "பையன் எக்ஸ்ட்ரா கரிகுலர் பிரமாதம்ணா" என்பதற்காக யாரும் கூடுதலாக ஒரு நாற்காலி போட மாட்டார்கள். ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அந்த 18 சேருகிறவர்களுக்கான கணக்கு. வெளிமாநிலத்தாரில் பலர் கடைசியில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் அழைப்பு அதைவிடச் சற்றுத் தாராளமாகவே போகும்.

டெக்சஸ் கதை வேறு. 1997-இல் வந்த சட்டப்படி, ஹைஸ்கூலில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் டெக்சஸ் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்காமல் 2009-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே அந்த வரம்பு 6 சதவீதமாகி, 2026-இல் சேருகிறவர்களுக்கு 5 ஆகிவிட்டது. அதே திருத்தம்தான் ஆஸ்டினில் டெக்சஸுக்கு வெளியே இருந்து வருகிறவர்களை 10 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறது. என் மைத்துனர் டாலஸ் பக்கம் இருக்கிறார். அவர் பையன் இந்தத் தானியங்கி வழியில் ஆஸ்டினுக்குப் போனவன். "மச்சான், ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, நம்ம பாப்பா மார்க்குக்கு கண்ணை மூடிட்டு எடுத்துக்குவாங்க" என்று போனில் அடித்துச் சொன்னார். அவர் அனுபவம் உண்மை, அக்கறையும் உண்மை. ஆனால் அவர் பையன் போனது வேறு வாசல் வழியாக. உள்மாநிலத்துச் சொந்தக்காரர்கள் தரும் உறுதிமொழியை, எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், இந்த விஷயத்தில் ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் 2017-இல் ரீஜென்ட்ஸ் எனப்படும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு முடிவெடுத்து, பெரும்பாலான வளாகங்களில் வெளியாரை 18 சதவீதத்தில் நிறுத்தினார்கள். அப்போதே அதற்கு மேல் இருந்த பெர்க்லி, யூசிஎல்ஏ போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2021-இல் மாநில அரசு பணம் தருகிறேன் என்று சொல்லி, பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்), சான் டியேகோ மூன்றையும் படிப்படியாக 18-க்கு இறங்கச் சொன்னது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளூருக்கு, ஒரு பங்கு வெளியாருக்கு. இதுவே பெரிய மனசு என்று தோன்றுகிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிமாநிலத்தாரை வா வா என்று கூப்பிடுகிற அரசுப் பல்கலைக்கழகங்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் உயர்கல்விக்குக் கொடுத்த பணத்தை வெட்டின. பள்ளத்தை நிரப்ப, இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கட்டும் வெளிமாநிலப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பெரும்பான்மையே வெளிமாநிலத்தார்தான், மாநிலம் அவ்வளவு சின்னது. அலபாமாவில் பாதிக்கு மேல். அங்கே ஜிபிஏவும் டெஸ்ட் ஸ்கோரும் இந்த அளவு இருந்தால் இவ்வளவு ஸ்காலர்ஷிப் என்று வெளிமாநிலத்தாருக்குப் பட்டியலே போட்டுவைத்திருக்கிறார்கள். மிச்சிகன் இரண்டுக்கும் நடுவில். மாணவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளியார், ஆனால் உலகமே அங்கே விண்ணப்பிப்பதால் போட்டி கடுமை. ஆக "அரசுப் பல்கலைக்கழகம்" என்ற ஒரே பெயருக்குள் எங்களை உள்ளே விடத் தயங்குகிற இடமும் இருக்கிறது, எங்கள் செக்குக்காகக் காத்திருக்கிற இடமும் இருக்கிறது. எது எது என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு நாங்கள் நம்பியது "காமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் ஒரே வடிவத்தில் வெளியிடும் பிடிஎஃப். பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் "சி" பிரிவுதான் அட்மிஷன். என் பெண் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சி7-ஐத் திறந்தாள். எதெதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்று அவர்களே டிக் போட்டிருக்கும் அட்டவணை அது: மிக முக்கியம், முக்கியம், கவனிக்கப்படும், கவனிக்கப்படாது. கீழ்ப்பக்கம் "ஸ்டேட் ரெசிடென்ஸி" என்று ஒரு வரி.

"அப்பா, இதுல 'கவனிக்கப்படும்'னுதான் போட்டிருக்காங்க. எஸ்ஸேவுக்கு 'முக்கியம்'னு போட்டிருக்கு. அப்ப ஸ்டேட் பெரிய விஷயம் இல்லதானே?"

"சரிம்மா, மேல போய் சி1 பாரு."

சமீப வருடங்களில் சி1-இல் விண்ணப்பித்தவர்கள், தேர்வானவர்கள், சேர்ந்தவர்கள் என்ற எண்ணிக்கையை உள்மாநிலம், வெளிமாநிலம், வெளிநாடு என்று பிரித்துக் கேட்கிறார்கள். போன் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தாள். முகப்புப் பக்கத்தில் போட்டிருந்த சதவீதத்தில் பாதிகூட வரவில்லை. அவ்வளவுதான், அதற்கப்புறம் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவளே முதலில் சி1-க்குப் போய்விடுவாள். சில பல்கலைக்கழகங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். அப்படியானால் பல்கலைக்கழகத்தின் நிறுவன ஆய்வுப் பிரிவுப் பக்கத்திலோ, மாநில உயர்கல்வி வாரியத்தின் அறிக்கையிலோ பெரும்பாலும் இருக்கும். மாநில வரிப்பணம் போகிற இடம், மாநிலத்துக்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

சி9, சி11-இல் வரும் எஸ்ஏடி, ஜிபிஏ எண்களைப் பார்க்கும்போது ஜாக்கிரதை. அவை உள்ளூர், வெளியூர் என்று பிரிக்காமல், சேர்ந்தவர்களில் எண்ணைக் கொடுத்தவர்களுடையவை. நூறில் எண்பத்திரண்டு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்கிற இடத்தில் அந்தச் சராசரி உள்ளூர்ச் சராசரிதான். வெளியிலிருந்து போகிற பிள்ளை நடுவில் நின்றால் போதாது, 75-ஆவது பர்சென்டைலை ஒட்டி நின்றால்தான் வாசலில் நிற்கிறாள் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான ஹைஸ்கூல்களில் கல்லூரித் தேடலுக்கான நேவியன்ஸ் அல்லது ஸ்காயர் இணையதளத்தில் கணக்கு கொடுத்திருப்பார்கள். அதில் ஸ்கேட்டர்கிராம் என்று ஒரு படம் வரும். ஒரு பக்கம் ஜிபிஏ, இன்னொரு பக்கம் எஸ்ஏடி. உங்கள் பள்ளியிலிருந்து முன் வருடங்களில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. கிடைத்தவர்கள் பச்சை, மறுக்கப்பட்டவர்கள் சிவப்பு. நியூஜெர்சிப் பள்ளியில் மிச்சிகனுக்கான படத்தைத் திறந்தால் அதில் இருக்கும் அத்தனை புள்ளியும் வெளிமாநிலப் பிள்ளைகள்தான்! பல்கலைக்கழகம் பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்கிற கணக்கு, உங்கள் பள்ளியில் ஏற்கெனவே பிரித்துவைத்ததாக இருக்கிறது. போதாததற்கு, அதே பள்ளியின் அதே மார்க் போடும் முறை, அதே கவுன்சிலர், அதே பாடத் தேர்வுகள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஜோசியம் கிடையாது.

ஆனாலும் படத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். பச்சைப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் பார்ப்பார்கள். சிவப்பு எதுவரை மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வலது மேல் மூலையிலும் சிவப்பு கலந்து கிடந்தால், அந்த இடத்தில் மார்க் ஒரு நுழைவுச் சீட்டு மட்டும்தான், முடிவு வேறு எங்கோ நடக்கிறது என்று அர்த்தம். தனியாகக் கீழே கிடக்கும் ஒற்றைப் பச்சையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது விளையாட்டுக்காக எடுத்துக்கொண்ட நீச்சல் வீரராக இருக்கலாம், வேறு துறைக்குப் போனவராக இருக்கலாம். இந்தப் படத்தில் மேஜர் தெரியாது. அதுதான் இதன் பெரிய ஓட்டை.

மேஜர் என்றதும் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு ஒரே பதில்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகக் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேஜருக்கு விண்ணப்பிக்கும் வெளிமாநிலத்தாரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். மொத்தப் பல்கலைக்கழகத்தின் சதவீதத்தைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னிலும் இதே கதை. பல்கலைக்கழகம் ஒரு எண், கம்ப்யூட்டர் சயன்ஸ் வேறு எண். "முதல்ல ஏதாவது மேஜர்ல உள்ள போயிட்டு அப்புறம் மாத்திக்கலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். இந்த இரண்டு இடத்திலும் அந்தக் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையின் மாறுதல் விதியைப் படித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸோடு பொருளியல், மொழியியல், பயிர் அறிவியல் என்று சேர்த்துத் தரும் படிப்புகள் இல்லினாயில் இருக்கின்றன. என் பெண்ணுக்கு அதில் உண்மையான ஆர்வம் இருந்தது. ஆர்வமே இல்லாமல் குறுக்கு வழி என்று நினைத்துப் போட்டால் எஸ்ஸேவிலேயே சாயம் வெளுத்துவிடும்.

பட்டியல் போடும்போது நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. வெளிமாநில சதவீதம் 20-க்குக் கீழே இருந்தால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அது ரீச், அதாவது எட்டிப் பார்க்கிற இடம். டார்கெட் (கிடைக்க நியாயமான வாய்ப்புள்ள இடம்) என்று எழுதக்கூடாது. நேரடிக் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் கேள்வியே இல்லை, ரீச். சேஃப்டி, அதாவது கைவசம் இருக்கிற பாதுகாப்பான இடம் என்று எழுத வேண்டுமானால் மூன்று பொருத்தம் வேண்டும்: கிடைக்கும், கட்ட முடியும், பிள்ளை போவேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதை அப்பா அம்மா தீர்மானிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பெயரை நான் சேஃப்டியில் எழுத, அவள் அடித்துவிட்டு நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸை எழுதினாள். சரி என்றேன். உள்மாநிலக் கட்டணம், நல்ல துறை, ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு வந்துவிடலாம்.

ஒரு கணக்கு எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஒவ்வொன்றிலும் 10 சதவீத வாய்ப்புள்ள பத்து இடங்களுக்குப் போட்டால், ஒன்றாவது கிடைக்க 65 சதவீதம் வாய்ப்பு என்று புள்ளியியல் படித்த அப்பாக்கள் சொல்வார்கள். பத்தும் தனித்தனி லாட்டரியாக இருந்தால் சரிதான். ஆனால் பத்து இடத்துக்கும் போவது அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே மேஜர், கிட்டத்தட்ட அதே எஸ்ஸே. ஓரிடத்தில் எதனால் தள்ளினார்களோ அதே காரணத்தால் இன்னோரிடத்திலும் தள்ளக்கூடும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வகையைக் கூட்டுவது மேல். எங்கள் பட்டியலில் ரீச் என்று எழுதியவை எல்லாம் கைவிட்டன. நடுவில் எழுதியவற்றில் பாதிக்கு மேல் கிடைத்தது. அவள் இப்போது படிப்பது அந்த நடுவிலிருந்து ஒன்று.

ஒவ்வொரு மாநிலமும் மார்க்கைத் தன் கண்ணாடி வழியாகப் பார்க்கும். கலிஃபோர்னியா ஜிபிஏவைத் தானே திரும்பக் கணக்கிடும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரைக்கும் எடுத்த பாடங்கள்தான் அதில் வரும். வெளிமாநிலப் பள்ளியின் ஹானர்ஸ் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி கிடையாது, கல்லூரி அளவிலான ஏபி, ஐபி பாடங்களுக்கு உண்டு. குறைந்தபட்ச ஜிபிஏ உள்ளூருக்கு 3.0, வெளியூருக்கு 3.4. யாரை எடுப்பது என்று முடிவு செய்யும்போது எஸ்ஏடியைப் பார்க்கவே மாட்டார்கள், 1580 வாங்கியிருந்தாலும் அதில் பலனில்லை. ஜார்ஜியா டெக்கும் பர்டூவும் எஸ்ஏடியோ, அதே மாதிரியான ஏசிடி தேர்வோ இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடாது. ஆக எஸ்ஏடிதான் பலம் என்கிற பிள்ளையும், வகுப்பு மார்க்தான் பலம் என்கிற பிள்ளையும் ஒரே பட்டியலைக் காப்பியடிக்கக் கூடாது.

தேதி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஏர்லி ஆக்‌ஷன் (முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே பதில் வாங்கும் சுற்று) இருந்தால் அதில் போடுங்கள். மேரிலாந்து போன்ற இடங்களில் பெரும்பாலான இடங்கள் நவம்பர் 1 சுற்றிலேயே போய்விடும். ஜார்ஜியா டெக்கில் இரண்டு ஏர்லி சுற்று. முதலாவது ஜார்ஜியா பிள்ளைகளுக்கு மட்டும், நமக்கு இரண்டாவதுதான். பிட்ஸ்பர்க் மாதிரி, விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும் ரோலிங் முறையில் எடுக்கும் இடம் ஒன்றுக்கு ஆகஸ்டு, செப்டம்பரிலேயே போட்டுவிட்டால் குளிர்காலத்துக்கு முன்பே கையில் ஒரு அட்மிஷன் இருக்கும். அந்த ஒன்று வந்தபிறகு வீட்டில் எல்லோருடைய குரலும் ஒரு சுதி இறங்கிவிடுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் "வாய்ப்பு" என்று பேசுவதில் அர்த்தமில்லை. கிடைத்தும் கட்ட முடியாவிட்டால் அது கிடைக்காததுதான். பர்டூ 2013 முதல் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறது: இன்டியானாக்காரர்களுக்கு 9,992 டாலர், வெளியாருக்கு 28,794. மிச்சிகனில் வெளியாருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025-இல் சேர்ந்த வெளியார், உள்ளூர்க்காரர் கட்டுவதற்கு மேல் 37,000 டாலருக்கும் அதிகமாகக் கட்டுகிறார்கள். மேற்கு மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, பக்கத்து மாநிலப் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்காத கல்லூரிகள் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. நியூ இங்கிலாந்துக்கும் தனியாக ஒன்று உண்டு. நியூஜெர்சி இவை எதிலும் இல்லை. நம் ராசி.

"ஒரு வருஷம் வெளிமாநிலக் கட்டணம் கட்டிட்டா, அடுத்த வருஷம் இன்-ஸ்டேட் ஆயிடலாமாமே?" என்று கேட்காதவர்கள் குறைவு. பொதுவாக முடியாது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இருக்கும் மாநிலம்தான் சொந்த மாநிலம், படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். குடும்பமே வேலை மாறிப் போனால், பெரும்பாலும் 12 மாதம் அங்கே குடியிருந்து, லைசென்ஸ், வரி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்ட வேண்டியிருக்கும். வேலை மாற்றம் கையில் இருப்பவர்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இதை யோசித்துவிடுவது நல்லது.

எச்-4 பிள்ளைகள் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகள்) இருக்கும் வீடுகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். உங்கள் பிள்ளை பால்வாடியிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும், சில பல்கலைக்கழகங்கள் விசாவைப் பார்த்து வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைக்கும். அப்படியானால் சி1-இல் நீங்கள் பார்க்க வேண்டிய வரிசையே வேறு. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வோர் இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, எச்-4-ஐ எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள், மெரிட் ஸ்காலர்ஷிப்புக்குத் தகுதி உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி எச்-4-க்குக் கிடையாது. கலிஃபோர்னியா, டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் குடியிருப்பு நிபந்தனைகள் சரியாக இருந்தால் எச்-4 பிள்ளைக்கும் உள்மாநிலக் கட்டணம் உண்டு. கிரீன் கார்டு வராமலே 21 வயது நிறைந்தால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும், அப்போது அந்தச் சலுகை சில மாநிலங்களில் கைவிட்டுப் போகலாம். 21-ஆவது பிறந்தநாள் கல்லூரியின் எந்த வருடத்தில் விழுகிறது என்று பார்த்து, அந்த வருடத்துக் கட்டணத்தை வெளிமாநிலக் கணக்கில் போட்டுப் பட்ஜெட் எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு ஒரு வருடம் முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள், விசா மாற்ற மனுவுக்கு மாதக்கணக்கில் ஆகும்.